மூன்றாவது தடவை

எங்கள் ஊர் ஹெக்லண்டில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் உடனே கை நீட்டி வாங்கிக்கொள்கிற வழக்கம் கிடையாது. காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். அப்போதும், "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டால் அவர்கள் மனசாரத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் மறுப்பது முகத்தில் அடிக்கிற மாதிரி ஆகிவிடும். "சரி, பாதிக் கப் போதும்" என்று வாங்கிக் குடித்துவிட வேண்டியதுதான். வடக்கு மினசோட்டாவில் பிறந்த பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். மேவிஸுக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. அவளும் இப்படித்தான் வளர்ந்தாள். இதனால் பசியோடு வீடு திரும்பிய நாள்களும் அவள் வாழ்க்கையில் உண்டு.

அவளுடைய சித்தியும் சித்தப்பாவும் ஊரை விட்டு அரிசோனாவுக்குப் போவதென்று முடிவானதும் இந்த வழக்கத்தால்தான்.

சித்தியின் பெயர் கிளாரிஸ். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஆர்விட் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர்; தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு அவருக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை கர்ட்டிஸ் இருபத்தைந்து வயதிலேயே அரிசோனாப் பாலைவனத்துக்குப் போய், அங்கே வீடுகளுக்கு ஏசி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். வேலைக்குக் குறைவில்லை என்று வருஷா வருஷம் சொல்வான்.

மேவிஸ் கிளாரிஸின் அக்காள் மகள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சித்தி வீட்டில்தான் வளர்ந்தாள். நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அந்த மனிதர் ஒருநாள் மொன்டானா பக்கம் மீன் பிடிக்கப் போனார். மீன் நன்றாகக் கிடைத்திருக்க வேண்டும், திரும்பி வரவில்லை. அதன்பின் மேவிஸ் சித்தி வீட்டுக்கு எதிரிலேயே ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து முடித்தாள். காலையில் காப்பி சித்தி வீட்டில். சாயங்காலம் சித்தி இவள் வீட்டுக்கு எதையாவது திருப்பிக் கொடுக்க வருவாள். இவ்வளவுதான் மேவிஸின் உறவு, நட்பு எல்லாம். இது போதும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

கர்ட்டிஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின சாயங்காலம் போன் செய்வான். கடந்த கிறிஸ்துமஸுக்கும் செய்தான். கிளாரிஸ் அடுப்பில் பால்சோறு வைத்திருந்தாள். பாலில் அரிசியை மெதுவாக வேகவைத்து, உள்ளே ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைக்கிற பால்சோறு. பருப்பு யார் கிண்ணத்தில் விழுகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். ஆர்விட் ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மேவிஸ் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போன், சுவரில் மாட்டிய பழைய போன். அதன் சுருள் வயர் அடுப்புவரை எட்டாது.

"பனி எப்படிம்மா?" என்றான் கர்ட்டிஸ்.

"இருக்கு."

"அப்பா?"

"இருக்காரு."

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்களேன்மா. டார்லீனும் சொல்லிக்கிட்டேதான் இருக்கா."

டார்லீன் அவன் மனைவி.

"உங்களுக்கு எதுக்குப்பா தொந்தரவு. நாங்க இங்க நல்லாத்தான் இருக்கோம்."

"இதுல தொந்தரவு என்னம்மா. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"வேணாம்ப்பா. வயசானதுங்க வந்து நடு வீட்டுல உக்காந்துக்கிட்டு…"

ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். கர்ட்டிஸ் இரண்டு தடவை கூப்பிடுவான், கிளாரிஸ் இரண்டு தடவை வேண்டாம் என்பாள், அப்புறம் அடுத்த வாரத்துக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் மரியாதை குறையாமல் முடிந்த திருப்தி இருக்கும்.

அந்தத் தடவை பால் பொங்கியது.

கிளாரிஸ் வாயை மூடிக்கொண்டு, கண்ணை விரித்து, போனைக் காதில் வைத்தபடியே மேவிஸைப் பார்த்துக் கையை வீசினாள். மேவிஸ் சோப்புக் கையோடு நின்று பார்த்தாள். சித்திக்கு ஏதோ மனசு கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். கிளாரிஸ் இன்னும் வேகமாகக் கையை வீசினாள். மேவிஸ் புரிந்துகொண்டு அடுப்பை அணைப்பதற்குள் பால் விளிம்பு தாண்டி வழிந்து அடுப்புக்குள் இறங்கிவிட்டது. இவ்வளவும் சத்தமில்லாமல் நடந்தது. எங்கள் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரைக் கூப்பிட்டுக் கத்துவது அழகில்லை.

மறுமுனையில் கர்ட்டிஸ் காத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது 'வேண்டாம்' சொன்னபிறகு ஒருவர் பேசாமல் நின்றால் எங்களுக்குள் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

"அம்மா," என்றான். "நெஜமாத்தான் சொல்றேன். வந்துடுங்க."

கிளாரிஸின் முகத்தில் நிறம் மாறியது. ஆர்விட்டைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை உயர்த்தி, பிறகு தாழ்த்திக்கொண்டார்.

"சரிப்பா," என்றாள் கிளாரிஸ். "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா."

இப்போது அந்தப் பக்கம் சத்தமில்லை. அங்கே என்ன பொங்கியது என்று யாரும் யோசிக்கவில்லை.

போனை வைத்ததும் கிளாரிஸ் அடுப்பருகே வந்தாள். மேவிஸ் அடுப்பைத் துடைத்தாள்.

"அடிப்பிடிச்சிருச்சு சித்தி," என்றாள்.

"மேலாக்க எடுத்துக்கலாம்."

மேலாக எடுத்தும் தீய்ந்த வாசனை இருந்தது. மோசமில்லை என்று மூன்று பேரும் சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்கள். பாதாம் பருப்பு ஆர்விட்டுக்குக் கிடைத்தது.

மேவிஸ் அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போகக் கூடாது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான், பெற்றவள் சரி என்றிருக்கிறாள். நடுவில் நீ யார், உன்னை யார் கேட்டது? கேட்காமல் ஒருத்தி தன் ஆசையைச் சொல்லிக்கொண்டு நிற்பதை எங்கள் ஊரில் அவள் பார்த்ததே இல்லை. எப்படிச் சொல்வார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பார்கள் என்றே தெரியவில்லை.

பனி உருகுவதற்குள் வீட்டை ஓர் இளம் வாத்தியார் தம்பதி வாங்கிவிட்டார்கள். சாமான்களைக் கொடுத்துத் தீர்க்கும் வேலை ஆரம்பித்தது. ஆர்விட் தன் பங்குக்குப் பனி அள்ளும் மண்வெட்டியை ஏப்ரல் மாதமே கொண்டுவந்து மேவிஸ் கையில் கொடுத்தார். வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஏப்ரலில் எங்களுக்கு இன்னும் பனி பாக்கி இருக்கும். அதை அவரிடம் சொன்னபோது, "இருக்கட்டும்" என்றார். மேவிஸ் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவளுக்கு இருந்த வருத்தத்தில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்ததோடு சரி.

சித்தி வீட்டுச் சமையலறையில் மஞ்சள் பலகை போட்ட மேசை ஒன்று இருந்தது. மேவிஸ் கூட்டல் கழித்தல் போட்டுப் பழகியது அதில்தான். மொன்டானாக்காரர் திரும்பவில்லை என்று தெரிந்த வாரம் அந்த மேசையில் தலை கவிழ்ந்து படுத்திருந்தாள். சித்தி ஒன்றும் கேட்காமல் அவள் தலையைச் சுற்றி மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மேவிஸ், இந்த மேசைய நீ எடுத்துக்கோ," என்றாள் கிளாரிஸ் ஒருநாள்.

மேவிஸ் மேசையின் விளிம்பைத் தடவினாள். "எனக்கு எதுக்கு சித்தி. என்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அது ஆடுது. ஒரு கால் குட்டை. இத எடுத்துக்கோடி."

"வேணாம் சித்தி. வேற யாருக்காச்சும் உபயோகப்படும்."

இன்னும் ஒரே தடவைதான். கிளாரிஸ் வாயைத் திறந்தாள். கதவு தட்டப்பட்டது.

வந்தவள் ஓர்பா. எங்கள் சர்ச்சில் சமையல், சாவு, கல்யாணம் எல்லாம் அவள் பொறுப்பு. சர்ச் விற்பனைக்குப் பழைய சாமான் ஏதாவது உண்டா என்று கேட்க வந்திருந்தாள்.

"இந்த மேசை இருக்கு ஓர்பா. மேவிஸ் வேணாங்கறா. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

"வேணாம் வேணாம், அடடே, இவ்வளவு நல்ல மேசைய எப்படி, வேணாம் கிளாரிஸ்," என்று இரண்டு மறுப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு நின்றாள் ஓர்பா. அனுபவசாலி.

"எடுத்துக்கோங்க."

"நீங்க இவ்வளவு சொல்லும்போது."

மேசையின் ஒரு முனையைப் பிடித்து ஓர்பாவின் வண்டியில் ஏற்றியது மேவிஸ்தான். மேசை விற்பனைக்குப் போகவில்லை. உறுதியாக இருக்கிறதென்று சர்ச் நிலவறைச் சமையலறையிலேயே போட்டுக்கொண்டார்கள். அடுத்த சாவுச் சாப்பாட்டுக்கு மேவிஸ் அதன் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

"நல்ல மேசை கெடச்சுது," என்றாள் ஓர்பா.

"ஆமா," என்றாள் மேவிஸ்.

ஜூன் மாதம் கர்ட்டிஸ் விமானத்தில் வந்து, வாடகைக்கு ஒரு லாரியையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ரொட்டியின் மேல்தோல் மாதிரி முகம் சிவந்து தடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் வழியனுப்பு விருந்து நடந்தது. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட தட்டுகள், கேக். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து ஒன்றையே சொன்னார்கள்.

"அங்க காஞ்ச வெயில்தானாமே. புழுக்கம் கெடையாதாம்."

"அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் கிளாரிஸ் ஒவ்வொருவரிடமும்.

ஒருவர்கூட அழவில்லை. விருந்து மிக நன்றாக நடந்தது என்று அதை வைத்துச் சொன்னார்கள்.

மறுநாள் கார் ஷெட்டில் மேவிஸும் கர்ட்டிஸும் துணி அலமாரியைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கிளாரிஸ் வீட்டுக்குள் வெறும் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"டார்லீன் எப்படி இருக்கா?" என்றாள் மேவிஸ்.

"நல்லா இருக்கா."

ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னான். மேவிஸ் மேலே கேட்கவில்லை. போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஆட்களிடம் கேள்வி கேட்பதைவிடச் சும்மா நிற்பது நல்ல பலன் தரும்.

"தையல் ரூமைக் காலி பண்ணிட்டா," என்றான் கர்ட்டிஸ். "மெஷினெல்லாம் இப்ப ஷெட்டுல கெடக்கு. அங்க இருக்கற சூட்டுக்கு ஊசியத் தொட்டா கை பொசுங்குது."

"சும்மா கெடக்கற ரூமுன்னு சொன்னியே."

"அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுதானே அக்கா."

"அப்ப எதுக்குடா மூணாவது தடவை கூப்பிட்ட?"

"நானா கூப்பிட்டேன்? அம்மா கூப்பிட வச்சாங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு தடவை வேணாம்னாங்க. சரின்னு பனியப் பத்திக் கேக்கப் போனேன். பாத்தா சத்தமே இல்ல. மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது. வயசான அம்மா போன்ல பேசாம நின்னா என்ன அர்த்தம்? அழறாங்கன்னுதானே அர்த்தம்? எங்கம்மா அழுது நான் பாத்ததே இல்ல அக்கா. அப்புறம் எப்படிக் கூப்பிடாம இருக்கறது?"

மேவிஸ் போர்வையின் முனையை விட்டுவிட்டாள்.

"அழல. பால் பொங்குச்சு."

"என்னது?"

"பால் பொங்கிருச்சுடா. அடுப்பு அவங்களுக்கு எட்டல. அணைடீன்னு எனக்குக் கையக் காட்டிக்கிட்டு நின்னாங்க. எனக்குப் புரியறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிருச்சு."

கர்ட்டிஸ் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தான். பெட்டி கொஞ்சம் உள்வாங்கியது.

"அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல," என்றான்.

"நானும்தான்."

"உனக்கு என்ன?"

மேவிஸ் அலமாரியைப் பார்த்தாள். அவன் ஒரு தடவை கேட்டுவிட்டான். இன்னும் இரண்டு தடவை கேட்டால் சொல்லலாம். அவன் கேட்கவில்லை, வேறு கவலையில் இருந்தான்.

"உள்ள போய்ச் சொல்லு," என்றாள் மேவிஸ்.

"என்னன்னு? நான் நெஜமா உங்களைக் கூப்பிடலம்மான்னா? வீட்டை வித்தப்புறமா? நீ சொல்லு."

"என்னை யாரு கேட்டா?"

கர்ட்டிஸ் அதை யோசித்துப் பார்த்தான். "அதுவும் சரிதான்," என்றான்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்து அலமாரியை லாரியில் ஏற்றினார்கள்.

புறப்படும் நாள் காலையில் எல்லாரும் வெறும் சமையலறையில் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். எங்கள் பக்கத்தில் விடைபெறுவது என்பது ஒரு காலைப்பொழுது வேலை. முதலில் ஒருவர் தொடையைத் தட்டி, "சரி, அப்புறம்" என்பார். யாரும் அசைய மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் சொல்வார். அப்புறம் கதவருகே நின்று சாலைகளின் நிலைமையைப் பேச வேண்டும். வாசற்படியில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக வண்டி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, முன்னமே சொன்னதையெல்லாம் ஒரு தடவை திரும்பச் சொல்ல வேண்டும். ஆர்விட் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. காப்பியை முடித்துவிட்டு நேராகப் போய் லாரியில் நடு இருக்கையில் ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிளாரிஸுக்கு ஜன்னலோர இருக்கை. லாரிப்படி உயரம். ஏறுவதற்காகச் சமையலறை முக்காலியைக் கீழே போட்டிருந்தார்கள். ஓர்பா வழிக்கென்று இனிப்புத் துண்டுகள் நிறைத்த தட்டோடு வந்து நின்றாள். கர்ட்டிஸ் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றான். கிளாரிஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலை முக்காலியில் வைத்து, முழங்கையை மேவிஸிடம் நீட்டினாள்.

"தூக்குடி."

மேவிஸ் முழங்கையைப் பிடித்தாள். தூக்கவில்லை.

"என்னடி, தூக்கு."

"மாட்டேன்," என்றாள் மேவிஸ்.

"கை வலிக்குதா?"

"இல்ல. நீங்க போக வேணாம் சித்தி. நீங்க போறது எனக்குப் பிடிக்கல."

ஓர்பா உடனே வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கர்ட்டிஸ் குனிந்து லாரியின் டயரைக் கவனித்தான். கிளாரிஸ் ஒரு கால் முக்காலியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றாள்.

"இத இப்பவா சொல்றது?"

"நீங்க கேக்கல."

"இதெல்லாம் யாருடி கேப்பாங்க!"

"அதான் நானே சொல்றேன். கிறிஸ்துமஸ்லேருந்து சொல்லணும்னு இருக்கேன். நீங்க போயிட்டா எனக்கு இங்க யாரும் இல்ல. காலைல எழுந்து காப்பிய வச்சுக்கிட்டு நான் யாரு மூஞ்சியப் பாக்கறது, ஓர்பா மூஞ்சியவா?"

ஓர்பா வானத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தாள்.

"அவன் கூப்பிட்டான்டி," என்றாள் கிளாரிஸ். "பெத்த பிள்ளை மூணு தடவை கூப்பிட்டான்."

"நீங்க அழறீங்கன்னு நெனச்சுக் கூப்பிட்டிருக்கான். பால் பொங்குனது அவனுக்குத் தெரியாது."

கிளாரிஸ் மெதுவாகத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தாள். "கர்ட்டிஸ்."

"நீங்க வரதுல எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா," என்றான் கர்ட்டிஸ் டயரிடம். "டார்லீன்கூட பரவாயில்லைன்னுதான் சொன்னா."

எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்பது கடுமையான வார்த்தை. கிளாரிஸ் காலை முக்காலியிலிருந்து இறக்கினாள்.

"அப்ப நீயும் நெஜமா கூப்பிடல. இவளுக்கும் பிடிக்கல. எனக்கு மட்டும் ஆசையா? அம்பது வருஷத்துக்கு மேல இருந்த வீடுடா அது. நீ கூப்பிட்டுட்டியேன்னு சரின்னேன். இவரும் ஒண்ணும் சொல்லாம பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. யாருக்குமே பிடிக்காம ஒரு வீட்டையே வித்திருக்கோமா?"

"நான் போகணும்," என்றது லாரிக்குள்ளிருந்து ஒரு குரல்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் யார் பேசியது என்று தெரியவில்லை. கர்ட்டிஸ் அந்தப் பக்கம் ஓடி இன்ஜினை அணைத்தான்.

"நான் போகணும் கிளாரி," என்றார் ஆர்விட், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஆசையா இருக்கு."

ஓர்பா தட்டைக் கீழே இறக்கினாள். ஒரு மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னாள்.

"உங்களுக்கா?" என்றாள் கிளாரிஸ். "ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"நீதான் சரின்னுட்டியே. நான் வேற எதுக்குக் குறுக்க."

"அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா இருப்பேன். நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து பனி அள்ளியாச்சு. போதும்." அவருக்கு ஒரே காலையில் இவ்வளவு பேச்சு அதிகம். ஆனாலும் மேலே சொன்னார். "அங்க ஒரு கள்ளி இருக்காம். ரொம்ப வருஷம் ஒத்தைக் கட்டையா நிக்குமாம். எழுபது வயசு வாக்குலதான் கை மொளைக்குமாம். அதப் பாக்கணும்."

"முள்ளு குத்தும்."

"தள்ளி நின்னு பாப்பேன்."

கர்ட்டிஸ் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பா வந்தா நல்லதும்மா. டார்லீனுக்கு அப்பான்னா ரொம்ப இஷ்டம்."

சொல்லி முடித்தபிறகுதான் அதற்கு மறுபக்கம் ஒன்று இருப்பது அவனுக்கே தெரிந்தது. மறுபடி டயரைப் பார்க்கப் போனான்.

"தெரியும்," என்றாள் கிளாரிஸ். "அவ சுட்ட ரொட்டியப் பத்தி ஒரு தடவை ஏதோ சொன்னேன்."

"ரெண்டு தடவைம்மா."

"ரெண்டு தடவையும் ரொட்டி வேகலடா."

யாரும் மறுக்கவில்லை. கிளாரிஸ் தன் பழைய வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல்களில் திரைச்சீலை இல்லாமல் வீடு தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தது.

"நான் எங்கடி இருக்கறது?" என்று மேவிஸைக் கேட்டாள். "வெள்ளிக்கிழமை அந்த வாத்தியார் புள்ளைங்க வந்துடுவாங்க."

"என் வீடு இருக்கு. அங்க இருங்க."

"உனக்கு எதுக்குடி தொந்தரவு."

இப்போது மேவிஸ் இரண்டாவது தடவை கேட்க வேண்டும். ஓர்பா காத்திருந்தாள். கர்ட்டிஸும் நிமிர்ந்துவிட்டான். ஆர்விட்கூட ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"நான் இன்னொரு தடவை கேக்க மாட்டேன் சித்தி," என்றாள் மேவிஸ். "கேட்டா வேணாம்பீங்க. அதுக்குள்ள யாராச்சும் கதவைத் தட்டுவாங்க."

சொல்லிவிட்டு, குனிந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய், அது என் முக்காலிடி!" என்ற குரல் பின்னால் கேட்டது. பிறகு காலடிச் சத்தம்.

பாதிச் சாலையில் காலடி நின்றது. மேவிஸும் நின்றாள். கிளாரிஸ் லாரிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். மேவிஸ் முக்காலியை நடுச்சாலையில் வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளாரிஸ் ஜன்னலருகே போனாள். ஆர்விட் பெல்ட்டைக் கழற்றாமலே எட்டும்வரை இந்தப் பக்கம் சாய்ந்தார்.

"தொப்பி போட்டுக்கோங்க."

"சரி."

"டார்லீன் ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கும்."

"பனி விழுந்தா நான் வரேன். அதுவரைக்கும் இவகூட இருந்துட்டு."

"மெதுவா வா. அங்க ஒண்ணும் ஒறைஞ்சு போயிடாது."

கிளாரிஸ் கையை உள்ளே விட்டு அவருடைய சட்டையின் மேல் பித்தானைப் போட்டாள். அவர் போட விட்டார். அவர்கள் பக்கத்தில் நின்ற கர்ட்டிஸ், ஓர்பாவிடமிருந்து இனிப்புத் தட்டை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டான். அரிசோனாவில் இருந்து இருந்து அவன் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தான். லாரி மூலையில் திரும்பும்போது, கண்ணாடி வழியாக ஆர்விட் அந்தப் பித்தானைக் கழற்றுவதை மேவிஸ் பார்த்தாள். சித்தியிடம் சொல்லவில்லை.

கிளாரிஸ் தக்காளி பறிப்புக்காக மேவிஸோடு தங்கியிருக்கிறாள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. மேவிஸ் தோட்டத்தில் நான்கைந்து தக்காளிச் செடிகள்தான் இருந்தன. அதற்கு ஓர் ஆள் தங்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மேவிஸுக்கு, இதற்கு மேல் அவள் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை என்பது தெரிந்தது. கட்டில் ஒன்றுதான். சித்தியின் துணிமணி, செருப்பு, கம்பளி, பல் வைக்கிற கிண்ணம் எல்லாம் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கிளாரிஸிடம் இருந்தவை கைப்பையும் முக்காலியும் மட்டும்.

கிளாரிஸ் சமையலறை நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். இத்தனை வருஷமும் வந்து போன இடம்தான். விருந்தாளியாக வந்தபோதெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவற்றை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மாவு டப்பாவ யாருடி அடுப்புக்கு மேல வைப்பாங்க?"

"எனக்கு அங்கதான் வசதி சித்தி."

"சூடு பட்டுக் கெட்டுப்போகும்," என்று சொல்லி அதை இறக்கினாள். இறக்கியதை வைக்க இடம் வேண்டியிருந்ததால் தட்டுகளை நகர்த்தினாள். தட்டுகள் போன இடத்தில் இருந்தவற்றை இழுப்பறைக்கு மாற்றினாள். இழுப்பறையில் இருந்தவை கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்தன; மேசை ஆடியதால் அதன் குட்டைக் காலுக்கு அடியில் எதையோ மடித்துச் சொருகினாள். மேவிஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சாயங்காலம் கிளாரிஸ் மேவிஸின் பூப்போட்ட இரவு கவுனை மாட்டிக்கொண்டு, கவுன் கொஞ்சம் இறுக்கம்தான், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மேவிஸ் காப்பி போட்டு இரண்டு கப்பில் ஊற்றினாள். சர்க்கரை கிடைத்துவிட்டது. கரண்டியைக் காணவில்லை. முதல் இழுப்பறையைத் திறந்தாள். கைத்துணிகள் இருந்தன. இரண்டாவதில் மெழுகுவர்த்தியும் நூல்கண்டும் இருந்தன. அடுத்ததில் அவளே மறந்துபோன முட்டை அடிக்கிற கருவி இருந்தது.

"என்னடி தேடற?" என்றாள் சித்தி ஜன்னலிலிருந்து.

"ஒண்ணுமில்ல சித்தி," என்று சொல்லிவிட்டு மேவிஸ் அடுத்த இழுப்பறையைத் திறந்தாள்.